மூன்று கேப்பு

நோரீன் துப்பாக்கியின் விசையை இழுத்தாள். டெல்பர்ட் கண்களை இறுக மூடிக்கொண்டு மனசுக்குள் ஒரு தடவை செத்தே போனான்.

‘டப்’பென்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் மண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. குழல்வாயிலிருந்து வந்த சூடான காற்று, மீசையில் ஒட்டியிருந்த பனித்தூளை மட்டும் ஊதிவிட்டிருந்தது.

“நோரீன், தாயே! எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!”

எழுந்து ஓடத்தான் வழியில்லையே. ஓக் மரத்தில் பதினைந்து அடி உயரத்தில் கட்டியிருந்த வேட்டைப் பரண், அவன் ஏறி உட்கார்ந்ததுமே கட்டு வார் அறுந்து அவனைக் கீழே கொட்டிவிட்டது. இடது காலில் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அறுந்த வாரில் கத்தி பட்ட தடம் இப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. மேலே இழுத்துக்கொள்ளக் கயிற்றில் கட்டியிருந்த அவனுடைய துப்பாக்கியை நோரீன் ஏற்கெனவே ஓடைக்குள் எறிந்துவிட்டாள்.

ஓஹையோ மலைச்சரிவில் ஜனவரியில் நாலே நாள், குழல்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு மட்டும் மான் வேட்டை. விடிந்ததிலிருந்து நாலு பக்கமும் வேட்டுச் சத்தம். இன்னொன்று கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“போன வருசம் வெண்டலை எதுக்குச் சுட்ட?” என்றாள் நோரீன்.

“எத்தனை தடவை சொல்றது? மான்னு நெனச்சுட்டேன். ஷெரீப்பே விபத்துன்னு எழுதிக் குடுத்தாரே! உன் புருசன் எனக்குக் கடைக் கூட்டாளி மட்டுமா? கூடப்பொறந்தவன் மாதிரி!”

நோரீன் பூட்ஸ் காலை எடுத்து அவனுடைய ஒடிந்த எலும்பின் மேல் வைத்து அழுத்தினாள். அவன் போட்ட கூச்சலில் எதிர்மரத்துக் காக்கைகள் கலைந்தன.

“கடையே உனக்கு! மொத்தமா எழுதித் தர்றேன்!”

அவள் வெடித்த கேப்பைத் துப்பாக்கியின் பின்னாலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினாள். அவன் நெற்றிக்கு நேரே பிடித்து விசையை இழுத்தாள். ‘டப்.’ இந்தத் தடவை எண்ணெய் கருகிய நாற்றம் மூக்கில் ஏறியது.

உயிர் இன்னும் இருந்தது. கூடவே வியாபாரப் புத்தியும் விழித்துக்கொண்டது. இந்த வகைத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் முன்வாய் வழியாக உள்ளே போகும். பின்னால் செருகும் கேப்பு பொறி விட்டால்தான் மருந்து பற்றும். கேப்பு வெடித்தும் மருந்து பற்றவில்லை என்று புலம்பி வருகிறவர்களுக்கு இருபது வருடமாக வைத்தியம் சொல்லியே துப்பாக்கிக் கடை வளர்த்தவன் டெல்பர்ட்.

“நாத்தத்தைப் பாரு! எண்ணெயை ஊத்தித் துடைக்காம விட்டிருக்க. குழல்ல எண்ணெய் நின்னா மருந்து எப்படிம்மா பத்தும்? சகதியாக் கெடக்கும் உள்ள.” குரலில் நடுக்கம் பாதி குறைந்திருந்தது. “சரி, கடையைத் தர்றேன்னு சொன்னதை விடு. என் பிக்கப் வண்டியை எடுத்துக்கோ. ரெண்டு பேரும் இதை மறந்துருவோம்.”

நோரீன் வெடித்ததைப் பிடுங்கி எறிந்தாள். மூன்றாவது கேப்பைச் செருகினாள். ‘டப்.’ இந்தத் தடவை நாற்றம் இல்லை. நல்ல சூடான காற்று மட்டும் அவன் நெற்றி முடியைக் கலைத்துவிட்டுப் போனது.

டெல்பர்ட் வலியையும் மீறிச் சிரித்தே விட்டான்.

“வண்டியும் கெடையாது, போடி. ஒரு டப்பா கேப்பு வேணும்னா இனாமாத் தர்றேன்.”

துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயிலேயே இடித்தாள். முன்பற்கள் இரண்டு ரத்தத்தோடு பனியில் போய் விழுந்தன. அவன் துப்பினான். பயம் சுத்தமாகப் போய், வெறி வந்துவிட்டது.

“இடி! இடிக்கத்தான் முடியும் உன்னால. உண்மைதானே வேணும் உனக்கு? ஆமாடி, தெரிஞ்சேதான் சுட்டேன். தூரத்துலயே ஆளுன்னு காட்டுற ஆரஞ்சு சட்டை, நடு முதுகு. மானுக்குக்கூட அவ்வளவு வாகாக் குறி கெடைக்காது. ஒரு கடைக்கு எதுக்குடி ரெண்டு முதலாளி?”

நோரீன் மூன்றாவது கேப்பையும் பிடுங்கி எறிந்தாள்.

“என்னுது மொதல் கேப்புலயே பத்திச்சு. நான் பிளாஸ்க்கைத் திறந்து காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் உசிரோட கெடந்தான். உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தான். போ, போய் ஷெரீப்கிட்ட சொல்லு. பரணை அறுத்தவ பேச்சை எவன் நம்புவான்னு பாப்போம்.”

அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். கட்டையைப் பனியில் ஊன்றி, குழலை வானம் பார்க்க நிறுத்தினாள். வலது கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினாள்.

“என்ன, சரக்கு தீந்துதா?” டெல்பர்ட் வாயைத் துடைத்துக்கொண்டான். “உள்ள இருக்கிற சகதியைக் கெளறி எடுக்கவே உனக்கு அரை மணி ஆகும். அதுக்குள்ள என் கத்தலைக் கேட்டு எவனாவது வந்துருவான். வீட்டுக்குப் போய் அழு.”

நோரீன் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

“மூணு கேப்புல குழல்ல இருந்த எண்ணெய் காஞ்சிடுச்சு, டெல்பர்ட். இனிமேதான் மருந்தே கெட்டிக்கணும்.”