தனியாள் பிரிவு
உலகெங்கும் உள்ளவர்களை அழைத்து எண் பரிமாறிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிப் போட்டி முடியச் சில நிமிடங்களே உள்ளன. மாலை வெயில் ஒலிவாங்கியின் மேல் சாய்ந்திருக்கிறது. கணினித் திரையின் வெற்றுக் கட்டத்தில் கோடு ஒன்று கண்சிமிட்டுகிறது. கடல் கடந்த குரலொன்று தன் வரிசை எண்ணை மறுபடியும் சொல்கிறது. எண் பதியாவிட்டால் அந்தத் தொடர்பு செல்லாது. கணவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து ஒலிபெருக்கியின் பக்கம் குனிகிறார். வாசலில் நிற்கும் அவளுக்கோ, நாற்பத்தேழு என்று தெளிவாகவே கேட்கிறது. அவள் வாய் திறக்க, அவர் தடுக்கிறார்: “மூச்சு விடாதே! தனியாள் பிரிவுல இன்னொரு காது உதவக் கூடாது.” “உலகத்தையே கூப்பிட்டுப் பேசுவீங்க. நான் பேசினா மட்டும் குத்தம்.” கடல் கடந்த குரல் இரைச்சலில் கரைகிறது. நேரம் முடிகிறது. கட்டம் வெறுமையாகவே நிற்கிறது. அவர் திரும்பாமலே கேட்கிறார்: “இப்பச் சொல்லு. உனக்குக் கேட்டுச்சா?” குவித்த கையை அவர் இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் அதையே பார்க்கிறாள். “எனக்கும் வெறும் இரைச்சல்தாங்க.”