ஐந்தாவது வரைவு

தாள் இரண்டாம் முறையாக அவள் மேசைக்குத் திரும்பி வந்தது.

‘டைரக்ட்’ என்ற சொல்லைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி.

முதல் முறை ‘ஆர்டர்’ என்று போட்டிருந்தாள். கோட்டாட்சியர் அதை மேசைமேல் ஊர்ந்து வந்த பூரானைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“என்னம்மா, எடுத்த எடுப்பிலேயே ஆர்டர்? நாளைக்கு யார் போட்டதுன்னு கேட்டா?”

நீங்கள்தான் சார் என்று வாய்வரை வந்தது. அதை அடித்துவிட்டு ‘டைரக்ட்’ என்று போட்டாள்.

ஆட்சிமொழி தமிழ். அவர் தலைக்குமேல் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ஆனால் மாட்டிக்கொள்ளாமல் எழுத ஆங்கிலம்தான் வசதி.

மழை நேற்றுப் பிடித்தது. விடவில்லை.

கடிதத்தில் இருக்க வேண்டியது ஒரே விஷயம். பெரிய ஏரியின் ஷட்டரைத் திற.

திறந்தால் ஒன்றியத் தலைவரின் நாற்பது ஏக்கர் சம்பா முழுகும். திறக்காவிட்டால் கரை போகும். கரைக்குக் கீழே முப்பத்தெட்டு வீடுகள்.

கோட்டாட்சியருக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் சொல் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் கைபேசி அதிர்ந்தது.

“அம்மா, ஏரி ஷட்டர் பாக்கற லஸ்கர் மாசிலாமணி பேசறேன். ஷட்டர் மேலதான் நிக்கிறேன். பதினொண்ணே முக்கால் அடி.”

பன்னிரண்டு அடி ஏரி.

“ஜனங்கள ஸ்கூலுக்குப் போகச் சொன்னீங்களாண்ணே?”

“சொல்லாமயா? ஆட்ட விட்டுட்டு எப்படிப் போறதுங்குதுங்க. தொறந்துடவா? கோட்டாட்சியர் ஆபீஸ்லேர்ந்து வார்த்த வந்தா தொற, வரலன்னா கைய வெக்காதன்னுட்டு இன்ஜினியரு பக்கத்து ஏரிக்கு ஓடிட்டாரும்மா.”

“இருங்கண்ணே. லெட்டர் வருது.”

மூன்றாவது வரைவில் ‘இன்ஸ்ட்ரக்ட்’.

கோட்டாட்சியர் அதை நாக்கில் போட்டுப் பார்த்தார். கசந்தது.

ஆர்டர் என்றால் போட்டவன் மாட்டுவான். டைரக்ட் என்றாலும் அவனேதான். விசாரணை கொஞ்சம் இழுக்கும். இன்ஸ்ட்ரக்ட் என்றால் சொன்னவனும் செய்தவனும் சேர்ந்து மாட்டுவார்கள். துணைக்கு ஆள் உண்டு, அவ்வளவுதான்.

“அட்வைஸ்?” என்றார். முகம் மலர்ந்தது. அதில் யோசனையைக் கேட்டு நடந்தவன் மட்டும்தான் மாட்டுவான். உடனே வாடியது. யோசனை சொன்னதே நீங்கதானே என்று தலைவர் கேட்டுவிட்டால்?

“ரிக்வெஸ்ட்னு போடுங்க. மரியாதையா இருக்கும்.”

போட்டாள். நான்காவது வரைவு.

உள்ளே போன தாள் வரவில்லை. ஜன்னலுக்குப் போனாள். வந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள். கதவைத் தட்டி எட்டிப் பார்த்தாள்.

“நானே எழுதிடறேன்மா. உங்களுக்கு அந்த நெளிவுசுளிவு வரலை.”

கைபேசி.

“கரையில கசியுதும்மா. நடுவுல ஒரு எடம், என் கை போற அளவுக்கு மண்ணு கரைஞ்சிடுச்சி. கீழ பொம்பளைங்க அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்குதுங்க. இங்கேர்ந்து புகை தெரியுது.”

மூடிய கதவைப் பார்த்தாள்.

துணை வட்டாட்சியர் பட்டியலில் போன மாதம்தான் அவள் பெயர் ஏறியிருந்தது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு. ஒரே ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை போதும், இறங்கிவிடும்.

“தொறங்கண்ணே.”

“லெட்டரு?”

“தொறங்க.”

இரும்பு இரும்போடு அரைபடும் சத்தம். மாசிலாமணி யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார். ஷட்டரைத்தான் போலிருக்கிறது. பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும்.

வெகுநேரம் கழித்து அவர் குரல் வந்தது.

“போவுதும்மா. அம்மா, நோட்டுல எழுதணும். எத்தினி மணி, எத்தினி அடி, யாரு சொன்னது. ஆபீஸுன்னு எழுதிக்கவா?”

ஆபீஸ் என்று எழுதலாம். ஆபீஸை இதுவரை யாரும் சஸ்பெண்ட் செய்ததில்லை. கடைசியில் எழுதினவனைத்தான் செய்வார்கள்.

“வேணாம். கமலவேணின்னு எழுதுங்க.”

“யாரும்மா அது?”

“நான்தாண்ணே.”

“அடடே. ஏழு வருஷமா அம்மா அம்மான்னே ஓட்டிட்டேன் பாரு.”

உள்ளே மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது.

கோட்டாட்சியர் ஐந்தாவது வரைவை நீட்டினார். ஒற்றை வாக்கியம். ஏரியில் தண்ணீர் இருக்கிறது. இது தங்கள் தகவலுக்காக. யாரும் யாரையும் எதுவும் செய்யச் சொல்லவில்லை. சொல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் துடைத்திருந்தார்.

“எப்படி?”

“நல்லா இருக்கு சார்.”

“ஏரி என்ன நிலவரம்?”

“இறங்குது சார்.”

“பாத்தீங்களா!” நாற்காலியில் சாய்ந்தார். “அவசரப்பட்டு ஆர்டர் போட்டிருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? நிர்வாகம்னா பொறுமைம்மா. சும்மா இருக்கத் தெரியணும்.”

மேசைமேல் தொலைபேசி அடித்தது. எடுத்ததுமே முதுகு நிமிர்ந்தது.

“வணக்கம் தலைவரே... வயல்லயா? இடுப்பளவா?... இல்லையே தலைவரே, இங்கேர்ந்து நான் யாருக்கும் ஒரு வார்த்தைகூட...”

கண்கள் மெல்ல அவள் பக்கம் திரும்பின.

அவருக்கு எதிரே மூன்று நாற்காலிகள் இருந்தன. எந்தக் கோட்டாட்சியர் முன்பும் அவள் உட்கார்ந்ததில்லை.

நடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.