தடையில்லாத இலை

“உங்க யூரின் டெஸ்ட்ல ‘கிராட்டம்’னு ஒரு இலை வந்திருக்கு, சிவசங்கர். அசதி தெரியாம இருக்கச் சாப்பிடுவாங்களாம். போதைதான்” என்றாள் ஒரகடம் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். அதிகாரி சுபஸ்ரீ.

“அது இன்னா இலைன்னே தெரியாது மேடம். புள்ள மேல சத்தியம்!”

சூப்பர்வைசர் வரதராஜுலு குறுக்கிட்டார். “மூலிகைதானே மேடம்? நம்ம நாட்டுல அதுக்குத் தடையே இல்லியாம். பாவம், வுட்டுடுங்க.”

“சட்டத்துல இல்லாம இருக்கலாம். கம்பெனி ரூல்ல தடை இருக்கு.”

சிவசங்கர் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். வரதராஜுலுவைக் கையெடுத்துக் கும்பிட்டான். “நீங்களாவது எனக்காகப் பேசினீங்களே சார்.”

அவனைக் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வரதராஜுலு நேராகக் கேன்டீனுக்குப் போனார். டீ மாஸ்டரிடம் சொன்னார்:

“லைன்ல ஒரு ஆள் கம்மி. இன்னிக்கு ஓ.டி. டீயில அந்த இலைப்பொடிய ஒரு ஸ்பூன் ஜாஸ்தியா போடு.”