மெத்தைக்கடியில் மயிலிறகு

முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மயிலிறகுகளை உருவி, சோபா மெத்தைக்கு அடியில் அவசர அவசரமாகத் திணித்தாள் கண்ணகி. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

"பொண்ணு பாக்க வர்றவங்கள இப்புடியா வரவேற்ப?" என்று சிரித்தான் தம்பி பாலகுரு.

"நீதானடா சொன்ன, பையன் ஃபாரஸ்ட் டிபார்ட்மெண்ட்டுன்னு! தேசியப் பறவையோட எறகு. பாத்தான்னா புடிச்சி உள்ள போட்ருவான். அப்புறம் எம்பொண்ணு கல்யாணம் என்னாவறது?"

மகள் சுவேதாவின் மேசையில் பேனாக்களோடு நின்ற பழுப்பு இறகையும் அவள் விட்டுவைக்கவில்லை. "அதுல கை வெக்காதம்மா!" என்று சுவேதா ஓடிவருவதற்குள் அதுவும் மெத்தைக்கடியில் போய்விட்டது.

மாப்பிள்ளை செம்மல் அப்பா அம்மாவோடு உள்ளே வந்து, சரியாக அந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

சுவேதா தட்டோடு வந்தாள். எல்லோருக்கும் காபி, அவனுக்கு மட்டும் டீ. இந்தப் பெண்ணுக்கு எப்போதுதான் புத்தி வருமோ என்று கண்ணகி பல்லைக் கடித்தாள். நல்லவேளை, அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டான்.

டம்ளரை வைக்கக் குனிந்தபோது தொடையில் ஏதோ குத்தியது. எழுந்து மெத்தையைத் தூக்கினான்.

ஒரு மயிலிறகை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தான். "ரத்தக்கறை இல்ல. புடுங்குனது இல்ல, தானா உதிர்ந்தது. இத வீட்ல வெச்சிக்கலாம் அத்த, தப்பில்ல."

கண்ணகி முருகனுக்குக் கும்பிடு போட்டு முடிப்பதற்குள் பழுப்பு இறகு அவன் கைக்கு வந்திருந்தது.

"அது என்னாடா?" என்றார் அவன் அப்பா.

"செம்பருந்துப்பா. கீழ விழுந்து கெடந்தாலும் எடுக்கக் கூடாது. அந்த விலக்கு மயிலுக்கு மட்டுந்தான்..." அவன் குரல் ஏனோ தேய்ந்துகொண்டே போனது.

"அப்ப கேஸா?" கண்ணகிக்கு அழுகையே வந்துவிட்டது. "வெவரம் தெரியாத பொண்ணு தம்பி. வைத்திக்குப்பம் கடக்கரையில பொறுக்கியிருப்பா. எத்தன மாப்ள தட்டிப்போயி நீங்க வந்திருக்கீங்க! வாயத் தொறந்து சொல்லேண்டி!"

சுவேதா செம்மலைக் கைகாட்டினாள்.

"நா எங்கம்மா பொறுக்குனேன்? எம் பொறந்தநாளுக்கு இவருதான் குடுத்தாரு."