ஐந்தாவது சேர்வர்

இஷாத் தொழுகைக்குப் பிறகு பின்சுவரில் எதுவோ உரசுகிற சத்தம். நின்றது. திரும்பவும் உரசியது.

மடியில் நப்லா பால் குடித்தபடியே தூங்கியிருந்தாள். கணவர் ஸப்ராஸ் கட்டாரில். நுரைச்சோலையின் இந்தப் புது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த வளவில் இருக்கும் ஸப்ராஸின் நானா, நாலு கடை வைத்திருக்கும் மூத்தவர் மின்ஹாஜுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருக்கு."

டோர்ச்சோடு வந்தார். கண் நேரே லெப்டொப்புக்குத்தான் போனது.

"இந்த நேரத்துல யாரோட கதை?"

"வேலை மச்சான். ஒரு போன் அப் வேணுமாம். செய்ய எவ்வளவு செலவாகும் எண்டு கேட்டிருக்காங்க."

"யாரு?"

"தெரியா. தெரிஞ்ச ஒருத்தர் பிடிச்சுத் தந்த வேலை."

"அந்நிய ஆம்புள உன்ட முகத்தப் பாத்தா?"

"முகம் காட்டுறதில்ல மச்சான். எழுத்துலதான்."

"அப்பிடித்தான் தொடங்கும். கொன்வென்ட்ல படிச்ச கெப்பரு, திமிரு! தம்பி உன்ன என்ட பொறுப்புலதான் விட்டுட்டுப் போயிருக்கான். இரு, பின்னால பாத்துட்டு வாறன்."

தலை குனிந்தேன். அவர் சொல்வதும் சரிதானோ?

வேலை பிடித்துத் தந்த இப்ஹாமின் போன்.

"ருஷ்தா, அந்த அஞ்சு சேர்வரையும் போன்லயே கண்காணிக்கிற அப்புக்குக் கணக்கு முடிஞ்சா? ஆள் அவசரப்படுத்துறார்."

"நாலு சேர்வர்ல கடைக் கணக்கு ஓடுது, சரி. அஞ்சாவதுல என்ன ஓடுது எண்டு தெரியாம எப்பிடிச் செலவு சொல்ற?"

"நானும் பாக்கல்ல. கொழும்புல யாரோ செய்யிறாங்க எண்டு நெனச்சுத்தான் பாஸ்வேர்ட் தந்திருக்கார். அனுப்புறன், நீயே பாரு."

திறந்தேன்.

கமராப் படம். மேலிருந்து தெரியும் ஒரு வீட்டின் ஹோல். கதிரையில் ஒரு பெண். மடியில் குழந்தை.

கையைத் தூக்கினேன். அவளும் தூக்கினாள்.

அண்ணாந்து பார்த்தேன். முகட்டில் அந்த வெள்ளை வட்டப் பெட்டி. "புகை வந்தாக் கத்தும். ஆம்புள இல்லாத வீடு, கவனம் வேணும்" என்று போன மாதம் மச்சான் ஏணி வைத்து ஏறி, தன் கையாலேயே பொருத்தியது.

நப்லாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஒண்டுமில்ல புள்ள!" வெளியே அவர் குரல் முன்பக்கம் வந்துகொண்டிருந்தது. "கச்சான் காத்துக்குத் தென்னோலை உரசுது. பயப்படாத, நான் இருக்கிறன்."

அவர் படியில் கால் வைக்குமுன், உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டேன்.