சிரிக்காத ஏட்டையா

"அந்தக் கல்லுமூஞ்சி ஏட்டு என்னத்தை எழுதி வச்சிருக்கானோ!" என்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில் மாயக்காள் பொருமினாள்.

பொருமாமல் என்ன செய்வாள்? அவள் கணவன் சிவனாண்டி, உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர்களைப் போலப் பேசிக் காட்டத் தொடங்கி, மதுரை நாடகக் கொட்டகையில் பத்து வருஷமாகப் பபூன் வேஷம் கட்டுகிறவன். டாக்கியில், அந்தப் பேசும்படத்தில், நடிக்க வரச் சொல்லிக் கோயம்புத்தூரிலிருந்து தந்தி வந்திருந்தது. சாயங்காலம் ரயில். இந்த நேரம் பார்த்தா மேடையில் நாக்கு நீள வேண்டும்?

"அழகர்மலைக்கு ஒரு வெள்ளைக் குரங்கு வந்திருக்குப்பா. நம்ம தேங்காயைப் பிடுங்கித் தின்னுட்டு, செரட்டைக்கு நம்மகிட்டயே வரி கேக்குது!"

அந்தக் குரங்கு யார் என்பது கைக்குழந்தைக்கும் புரிந்தது. கொட்டகை அதிர்ந்தது. குறிப்பெடுக்க வந்து முன்பெஞ்சில் அமர்ந்திருந்த ஏட்டு நாகசுப்பிரமணியன் மட்டும் உதட்டை அசைக்காமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

ராஜத்துரோகம் என்றால் ஜெயில். ஜெயிலுக்குப் போனவனுக்காக எந்த டாக்கிக் கம்பெனி காத்திருக்கும்?

கூப்பிட்டதும் புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போய் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஏட்டின் நோட்டைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"மேற்படி பபூன், அழகர்மலைக் குரங்கு தேங்காய் பறித்த பழங்கதையைச் சொன்னார். ஜனங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. பலர் கொட்டாவி விட்டனர். மேற்படியாருக்கு ஹாஸ்யம் வராது."

இன்ஸ்பெக்டர் சிவனாண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "ஒருத்தனும் சிரிக்காத பேச்சுக்குக் கேஸ் போட்டா, கோர்ட்டுல என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க. போய்யா!"

மாயக்காளுக்குப் போன உயிர் திரும்பியது. அவள் கணவனுக்கோ மானம் போயிற்று.

"எசமான், கொட்டகையே..."

அவள் விலாவில் கிள்ளிய கிள்ளில் மிச்சப் பேச்சு தொண்டையிலேயே நின்றது. ஜெயிலுக்குப் போனாலும் போகலாம். சிரிப்பு வரவில்லை என்று ஒருவர் எழுதிவிடக் கூடாது. ஆண்பிள்ளையின் அறிவு அம்மட்டில்தான்.

வாசலில் நின்ற ஏட்டையாவிடம் சிவனாண்டி பாய்ந்தான். "அம்புட்டுப் பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்களேய்யா! எனக்கா ஹாஸ்யம் வராது?"

"கத்தாதப்பா, உள்ளே கேக்கும்."

ஏட்டையா கீழுதட்டை மடக்கிக் காட்டினார். உட்புறம் பல் பதிந்து புண்ணாகியிருந்தது.

"சிரிப்பை அடக்கக் கடிச்சது. ரெண்டு நாளா ரசஞ்சோறுகூட எரியுது. நீ சீக்கிரம் டாக்கியில நடி. அங்கே விளக்கை அணைச்சிருவாங்க; நானும் சிரிச்சுக்கிருவேன்."