மஞ்சள் கொடி

தொலைக்காட்சித் தொடரில் அந்த விண்கப்பல் வெடித்துச் சிதறிய மறுநாள் காலை, பொன்னுரங்கம் கதாசிரியருக்குப் போன் செய்தார். ஆறாம் பாகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கப்பலைச் சுற்றிக்காட்ட இரண்டே நிமிடம் வந்துபோகும் வழிகாட்டி வேடம் அவருடையது.

"சார், கப்பல் வெடிச்சப்ப நான் உள்ள இருந்தேனா?"

யாரென்று பிடிபடவே கதாசிரியருக்குச் சற்று நேரமானது. பிறகு சிரித்தார். "உங்களை மறந்தே போயிட்டேன். முன்னாடியே இறங்கிட்டீங்கன்னு வச்சுக்குங்களேன்."

"நான் கூட்டிட்டு வந்த பதினோரு பேரு?"

"அவங்களும்தான் இறங்கிட்டாங்க. போதுமா?"

"இறங்கியிருக்க மாட்டாங்க சார்."

படப்பிடிப்பு முடிந்ததும் திருப்பித் தர மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்ட மஞ்சள் கொடி அவர் மடியில் கிடந்தது. கதைப்படி, அதை அவர் தூக்கிப் பிடித்தால்தான் அந்தக் கூட்டம் நகரும்.

"ஏன், இறங்குறதுக்கு என்ன?"

"ஜன்னல்கிட்ட நிக்க வச்சு, 'இங்கேயே இருங்க, இதோ வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தானே போனேன்? அப்புறம் நான் வரவே இல்லையே. நீங்க எழுதின வசனம்தான் சார்."

மறுமுனையில் சிரிப்பு நின்றுபோனது. கதாசிரியர் மெல்லக் கேட்டார்:

"அந்தக் கொடி இப்ப யார்கிட்ட இருக்கு?"